உப்புநீர் மீன்தொட்டி தரையில் வழியாமல் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சம்ப் என்னும் துணைத்தொட்டியைக் கீழே வைத்த கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள காட்சித் தொட்டியிலிருந்து வழிந்து வடிகுழாய் வழியே சம்ப்புக்கு இறங்குகிறது. அங்கே வடிகட்டி, நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் கடந்து வந்ததை ரிட்டர்ன் பம்ப் மறுபடி மேலே ஏற்றுகிறது. இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் தண்ணீர் ஏதாவது ஒரு பக்கம் போய்ச் சேரும். சேர்ந்த இடத்தில் அதற்குக் கொள்ளளவு இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் தரைக்கு வரும்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றைத்தான். எந்தக் கோளாறானாலும் அது இடம்மாற்றக்கூடிய தண்ணீருக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அந்த அளவை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்கான காலி இடத்தைத் தொட்டியிலேயே வைத்துவிட்டால், கருவிகள் எல்லாமே கைவிட்டாலும் தரை நனையாது. சென்சார், வால்வு, அலாரம் எல்லாம் நல்லவைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அவை இரண்டாவது வரிசைக் காவல். முதல் வரிசை அளவுநாடாவும் கணக்கும்தான்.

முதல் கேள்வி: மின்சாரம் நின்றால் சம்ப் தாங்குமா?

பம்ப் நின்ற நொடியிலிருந்து மேலிருந்து கீழே தண்ணீர் வரும் வழிகள் மூன்று. மேல்தொட்டியின் நீர் வழிந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கும் தண்ணீர் முழுவதும் வழிந்து இறங்கும். பெட்டிக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் இருப்பது வடியும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அது அப்படியே சைஃபனாக மாறி, பம்ப் வழியாகவே தண்ணீரைப் பின்னோக்கி சம்ப்புக்கு இழுக்கும். குழாய் வாய் வெளியே தெரிந்து காற்றை உறிஞ்சும்வரை இது நிற்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காட்சித் தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-ஐ 50-ஆல் பெருக்கினால் 6,000. 1,000 கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால், இந்தத் தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 6 லிட்டர் கீழே வருகிறது. ரிட்டர்ன் வாய், ஓடும்போதுள்ள நீர்மட்டத்திலிருந்து 4 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 24 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியில் 3 லிட்டர், குழாய்களில் 2 லிட்டர் என்று சேர்த்தால் 29 லிட்டர் ஆகிறது.

இப்போது சம்ப்பைப் பாருங்கள். 90 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் இருந்தால் அதில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 3.6 லிட்டர் பிடிக்கும். 29-ஐ 3.6-ஆல் வகுத்தால் 8 செ.மீ. சொச்சம். ஸ்கிம்மர், ஹீட்டர், கற்கள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் 10 செ.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் ஓடும்போது அதன் நீர்மட்டத்துக்கு மேல் 10 செ.மீ. எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள்.

அவ்வளவு இடம் இல்லையா? பெரிய சம்ப் வாங்க ஓட வேண்டாம். ரிட்டர்ன் வாயை மேலே தூக்குங்கள். 4 செ.மீ. ஆழத்திலிருந்து 1.5 செ.மீ. ஆழத்துக்குக் கொண்டுவந்தால் 24 லிட்டர் 9 லிட்டராகக் குறைந்துவிடும். மொத்தம் 14 லிட்டர். சம்ப்பில் 4 செ.மீ. உயர்வு. குழாயின் முழங்கை இணைப்பு ஒன்றைத் திருப்பி வைப்பதால் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை எந்தக் கருவியாலும் தர முடியாது.

சைஃபனை உடைக்க ரிட்டர்ன் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 5 மி.மீ. அளவில் ஒரு துளை போடும் வழக்கம் உண்டு. நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். செய்யலாம், நல்லதுதான். ஆனால் பாசி, சுண்ணாம்புப் படிவம், குழாய்ப் புழுக்கள் ஆகிய மூன்றும் அந்தத் துளையைத் தேடிப் பிடித்து அடைக்கும். என் பழைய தொட்டியில் ஒரு நத்தை சரியாக அந்தத் துளையின் மேல் உட்கார்ந்திருந்த நேரத்தில் மின்சாரம் போனது. ரிட்டர்ன் வாய் 8 செ.மீ. ஆழத்தில் இருந்தது. சம்ப்பில் இடம் போதவில்லை. அன்றிலிருந்து துளையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது இல்லாதது போலத்தான் கணக்குப் போடுகிறேன்.

தண்ணீர் பின்னோக்கி வராமல் மூடிக்கொள்ளும் செக் வால்வுக்கும் இதே நியாயம்தான். நன்னீரில் வருடக்கணக்கில் உழைக்கும் வால்வு, கடல்நீரில் ஒரு சிறு மணல் துணுக்கோ படிவமோ சிக்கினால் முழுதாக மூடாது. சொட்டுச் சொட்டாகத்தானே கசிகிறது என்று விட்டால், இரவு முழுக்க மின்சாரம் இல்லாதபோது அந்தச் சொட்டுகளே சம்ப்பை நிறைத்துவிடும். வால்வு வைத்தே ஆக வேண்டும் என்றால், கழற்றிச் சுத்தம் செய்ய இரு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போடுங்கள்.

கணக்கு முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. பம்ப் நின்றிருக்கும்போது சம்ப்பில் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பம்ப்பை ஓடவிட்டு, மட்டம் இறங்கி நிலைத்ததும் அங்கே அழியாத பேனாவால் கோடு போடுங்கள். தொட்டி ஓடும்போது இந்தக் கோட்டுக்கு மேல் ஒரு குவளைத் தண்ணீர்கூட சம்ப்பில் சேரக் கூடாது. ஸ்கிம்மருக்கு மட்டம் போதவில்லை, பம்ப் சத்தம் போடுகிறது என்று கோட்டைத் தாண்டி ஊற்றுவதில்தான் பல வெள்ளங்கள் தொடங்குகின்றன.

இரண்டாவது கேள்வி: வடிகால் அடைத்துக்கொண்டால் மேல்தொட்டி தாங்குமா?

இது எதிர்த்திசைக் கோளாறு. ஓவர்ஃப்ளோ விளிம்பின் சீப்பு போன்ற பற்களில் பாசியோ, இடம் மாறிய கடல் அனிமோனோ, இறந்த மீனோ சிக்கிக்கொள்கிறது. அல்லது குழாய்க்குள் நத்தை நுழைந்துவிடுகிறது. தண்ணீர் கீழே இறங்குவது நின்றாலும் பம்ப்புக்கு அது தெரியாது; சம்ப்பில் தான் நிற்கும் ரிட்டர்ன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு ஏற்றும்? ரிட்டர்ன் அறையில் இருக்கும் தண்ணீர் அளவுக்குத்தான். அறை 25 செ.மீ.க்கு 40 செ.மீ. என்றால் உயரம் ஒரு செ.மீ.க்கு ஒரு லிட்டர். ஓடும் மட்டத்திலிருந்து பம்ப்பின் உறிஞ்சும் வாய் வரை 18 செ.மீ. என்றால் 18 லிட்டர் மேலே போகும். நம் காட்சித் தொட்டியில் அது 3 செ.மீ. உயர்வு. ஆகவே ஓடும் நீர்மட்டத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே 4 செ.மீ. காலியாக இருந்தால், வடிகால் முழுதாக அடைத்தாலும் பம்ப் வறண்டு ஓடுமே தவிரத் தண்ணீர் வெளியே வராது. ஒரு பம்ப் கெட்டுப்போகலாம். தரை பிழைத்துவிடும், மீன்களும் பிழைத்துவிடும்.

இதனால்தான் ரிட்டர்ன் அறை சிறியதாக இருப்பது நல்லது என்கிறேன். அறை பெரிதாக இருந்தால் ஆவியாதலைச் சில நாள் தாங்கும் என்று பெரிதாகக் கட்டுபவர்கள் உண்டு. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை, வடிகால் அடைக்கும் நாளில் தெரியும்.

சம்ப்பின் தடுப்புக் கண்ணாடிகளையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். தண்ணீர் மேலே ஏறி வழிந்து அடுத்த அறைக்குப் போகும் தடுப்பு, தன் உயரம் வரை முந்தைய அறையின் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் இடைவெளி விட்ட தடுப்பு எதையும் பிடித்து வைக்காது. ரிட்டர்ன் அறைக்கு முன்னால் வழிந்து போகும் தடுப்பு ஒன்றுகூட இல்லாவிட்டால், பம்ப்புக்குக் கிடைப்பது அந்த அறையின் தண்ணீர் மட்டுமல்ல, சம்ப் முழுவதன் தண்ணீரும். கணக்கே மாறிவிடும்.

வடிகுழாய்களை அமைப்பது

ஒரே ஒரு வடிகுழாயை நம்பி எந்தத் தொட்டியையும் நான் ஓட்டமாட்டேன். டர்சோ எனப்படும், மேல்முனை வளைந்து காற்றுத் துளை வைத்த ஒற்றைக் குழாய் எளிமையானது, சத்தமும் குறைவு. ஆனால் அது அடைத்தால் மாற்று வழி இல்லை. குறைந்தது இரண்டு குழாய் வையுங்கள்.

இரண்டு குழாய் முறையை ஹெர்பி என்கிறார்கள். ஒரு குழாயின் அடியில் ஓட்டத்தைத் திருகிச் சரிசெய்யும் கேட் வால்வு வைத்து, காற்றே புகாமல் முழுச் சைஃபனாக ஓடவிடுவார்கள். இன்னொன்று நீர்மட்டத்துக்கு மேலே வாய் வைத்த, எப்போதும் வறண்டிருக்கும் அவசரக் குழாய். பீன் அனிமல் முறையில் மூன்று: முழுச் சைஃபன் ஒன்று, மிச்சத்தை மட்டும் சிறு ஓடையாக இறக்கும் திறந்த குழாய் ஒன்று, அவசரக் குழாய் ஒன்று. மூன்று துளை போட இடமிருந்தால் பீன் அனிமலைத்தான் சொல்வேன். ஹெர்பியில் பம்ப்பின் வேகம் சற்று மாறினாலும் வால்வை மறுபடி சரிசெய்ய வேண்டும். மூன்று குழாய் முறையில் அந்த ஏற்ற இறக்கத்தைத் திறந்த குழாய் தானே ஏற்றுக்கொள்ளும்.

எந்த முறையானாலும் சில விஷயங்களை மாற்றக் கூடாது. அவசரக் குழாயில் வால்வு எதுவும் இருக்கக் கூடாது. பம்ப் தள்ளும் தண்ணீர் முழுவதையும் அது தனியாக இறக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். அதன் கீழ்முனை சம்ப் நீருக்கு மேலே நிற்கட்டும். தண்ணீர் வந்தால் சளசளவென்று கேட்கும் அந்தச் சத்தமே உங்களுக்கு முதல் எச்சரிக்கை. சைஃபன் குழாயின் கீழ்முனையோ 2, 3 செ.மீ. மட்டுமே மூழ்கியிருக்கட்டும். ஆழமாக மூழ்கியிருந்தால், மின்சாரம் திரும்பி வரும்போது குழாய்க்குள் உள்ள காற்றைத் தண்ணீரால் வெளியே தள்ள முடியாமல் சைஃபன் தொடங்கவே தொடங்காது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய தொட்டி, மின்சாரம் போய் வந்ததும் வழிவதற்கு இது ஒரு காரணம்.

வால்வுக்குக் கேட் வால்வையே வாங்குங்கள். பால் வால்வில் கைப்பிடி ஒரு மயிரிழை நகர்ந்தாலே ஓட்டம் ஏகமாக மாறிவிடும்.

தொட்டியில் துளை போட முடியாதவர்கள் பின்புறம் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். யு வடிவக் குழாயில் சைஃபன் மூலம் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வரும் அமைப்பு அது. குழாயின் உச்சியில் காற்றுக் குமிழிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒருநாள் சைஃபன் அறுந்துவிடும். பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதை வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன இரண்டாவது கணக்கை மறுமுறை போட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இருக்கும் உறுதியான காவல் அது ஒன்றுதான்.

துளையும் இணைப்பும்

கண்ணாடியில் துளை போடும் முன் அது பதப்படுத்திய கண்ணாடியா என்று தயாரித்தவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் துளைபோடும் கருவி பட்டதும் முழுப் பலகையும் நொறுங்கிவிடும். பல தொட்டிகளில் பக்கங்கள் சாதாரணக் கண்ணாடியாகவும் அடிப்பலகை மட்டும் பதப்படுத்தியதாகவும் இருக்கும்.

துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பான பல்க்ஹெட்டின் ரப்பர் கேஸ்கெட், அகன்ற விளிம்பு உள்ள பக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டி நிற்க வேண்டும். மரை முடுக்கும் பக்கத்தில் அல்ல. கையால் இறுகும்வரை முடுக்கி, பிறகு கால் சுற்று மட்டும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கிக்கொண்டு கசியும். சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும். கேஸ்கெட் சரியாக இருந்தால் சிலிக்கோன் தடவத் தேவையில்லை.

பி.வி.சி. ஒட்டுகளை ஒரு முழு நாள் உலரவிடுங்கள். பிறகு நன்னீர் ஊற்றி முழு அமைப்பையும் 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரிந்துவிடும். உப்பு கரைப்பது இதற்குப் பிறகுதான்.

தானாக நீர் நிரப்பும் கருவியும் ஆர்.ஓ. குழாயும்

என் அனுபவத்தில் தரையை அதிகம் நனைத்தவை ஓவர்ஃப்ளோக்கள் அல்ல, இவை இரண்டும்தான். காரணம் புரிந்துகொள்ள எளிது. சுற்றிக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. இவை இரண்டும் வெளியிலிருந்து புதுத் தண்ணீரைக் கொண்டுவருகின்றன.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நன்னீரைச் சேர்க்கும் கருவியை ஏ.டி.ஓ. என்று சொல்கிறோம். சம்ப்பின் ரிட்டர்ன் அறையில் மட்டம் குறைந்ததைச் சென்சார் கண்டதும் சிறு பம்ப் ஓடி, சேமிப்பு வாளியிலிருந்து நன்னீரைச் சேர்க்கும். சென்சாரின் மேல் பாசி படிந்தாலும், மிதவையின் மேல் நத்தை ஏறினாலும் பம்ப் நிற்காது. வாளியில் உள்ளது முழுவதும் வந்துசேரும்.

அதனால் வாளியின் கொள்ளளவைச் சம்ப்பின் காலி இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் சம்ப்பில் 10 செ.மீ. காலி என்றால் 36 லிட்டர் பிடிக்கும். வாளி 60 லிட்டர் என்றால் 24 லிட்டர் தரையில். வாளி 20 லிட்டர் என்றால், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது. பயணத்துக்கு முன் பெரிய வாளி வைத்துவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்தானது என்று இதிலிருந்தே தெரியும்.

தரையைவிடப் பெரிய இழப்பும் உண்டு. மொத்தம் 350 லிட்டர் நீர் உள்ள அமைப்பில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் நன்னீர் கூடுதலாகச் சேர்ந்தால் அது 33 ஆகும். பவளங்கள் சற்றுச் சுருங்கும், பெரும்பாலும் மீண்டுவிடும். 60 லிட்டர் சேர்ந்தால் 30-க்கு வந்துவிடும். ஒரே இரவில் அப்படி இறங்கினால் இறாலும் நட்சத்திர மீனும் தாங்குவது கடினம்.

வடிகால் அடைத்த கணக்கோடு இதைச் சேர்த்தும் பாருங்கள். ரிட்டர்ன் அறை காலியாகும்போது ஏ.டி.ஓ. அதை ஆவியாதல் என்றே நினைக்கும். நன்னீரை ஊற்றும், அதையும் பம்ப் மேலே ஏற்றும். 18 லிட்டரோடு 20 லிட்டர் சேர, மேல்தொட்டியில் 3 செ.மீ.க்குப் பதிலாக 6 செ.மீ.க்கு மேல் உயரும். நீங்கள் விட்ட 4 செ.மீ. போதாது. இதைத் தடுக்க இரண்டு வழி: விளிம்பில் கூடுதல் இடம் விடுங்கள், அல்லது ஏ.டி.ஓ. ஒரு தடவைக்கு இத்தனை வினாடிக்கு மேல் ஓடாதபடி நேர வரம்பு வையுங்கள். நாளொன்றுக்கு உங்கள் தொட்டியில் எவ்வளவு ஆவியாகிறது என்று ஒரு வாரம் அளந்து, அந்த அளவுக்குச் சற்று மேலே வரம்பை வைத்தால் சரியாக இருக்கும். நேர வரம்பு இல்லாத ஏ.டி.ஓ.வை வாங்காதீர்கள்.

வாளி சம்ப்பைவிட உயரத்தில் இருந்தால் குழாய் முனை சம்ப் நீரைத் தொடவே கூடாது. பம்ப் நின்ற பிறகும் சைஃபன் தொடர்ந்து இழுக்கும். முனையை நீருக்கு மேலே தொங்கவிட்டாலும், வாளியின் மட்டத்தைவிட முனை தாழ்வாக இருந்தால் ஓட்டம் நிற்காது. குழாயின் உச்சியில் காற்றுத் துளை வேண்டும், அல்லது வாளி கீழே இருக்க வேண்டும். கீழே வைப்பதுதான் நிம்மதி.

ஆர்.ஓ. இயந்திரத்தின் குழாயை நேரடியாக சம்ப்போடு இணைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே வாளிக்குள்ள வரம்புகூட இல்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியே உங்கள் சம்ப்போடு சேர்ந்துவிடுகிறது.

ஆர்.ஓ. வாளி நிரம்பும்போது கவனிக்க மறந்துபோவது எல்லாருக்கும் நடக்கிறது. நாளொன்றுக்கு 75 கேலன் என்று குறித்த இயந்திரம் மணிக்குச் சுமார் 12 லிட்டர் தரும். நிரம்புவதற்குள் வேறு வேலை பார்க்கலாம் என்று தோன்றும் அளவுக்கு மெதுவானது, மறந்தால் வீட்டை நனைக்கும் அளவுக்கு வேகமானது. வாளியில் மிதவை வால்வும், இயந்திரத்தில் தானாக மூடும் வால்வும் சேர்ந்தே இருக்கட்டும். மிதவை மட்டும் இருந்தால் நல்ல தண்ணீர் நிற்கும், கழிவுநீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் மேலாக, குழாயைத் திறந்ததும் கைபேசியில் நேரம் வைத்துவிடுங்கள். மணி அடித்தும் வாளி நிரம்பாவிட்டால் மறுபடி நேரம் வையுங்கள்.

ஸ்கிம்மர்

ஸ்கிம்மரின் கோப்பை நிரம்பி வழிவது சிறிய வெள்ளம்தான், ஆனால் அடிக்கடி வரும். பவளம் ஒட்டும் எபாக்ஸி பசை, சில மருந்துகள், புதிதாக வைத்த பஞ்சு ஆகியவை நுரையைப் பொங்கவைக்கும். இவற்றைப் பயன்படுத்தும் நாளில் கோப்பையைக் கழற்றிவிடுங்கள், அல்லது காற்றைக் குறையுங்கள். ஸ்கிம்மரை சம்ப்புக்குள் வைத்தால் வழிவது சம்ப்புக்கே திரும்பும். வெளியே வைத்தால் தரைக்கு வரும். கோப்பையிலிருந்து குழாய் போட்டு வெளியே கேனில் சேகரிப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: வெளியேறுவது உப்புநீர், அதற்கு ஈடாக ஏ.டி.ஓ. சேர்ப்பது நன்னீர். கேன் நிறைய வெளியேறினால் உப்புத்தன்மை சத்தமில்லாமல் இறங்கியிருக்கும்.

எந்தச் சென்சார் எதை நிறுத்த வேண்டும்?

உயர்மட்டச் சென்சார் பொருத்துபவர்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். காட்சித் தொட்டியில் மட்டம் உயர்ந்தால் ரிட்டர்ன் பம்ப் நிற்க வேண்டும். சம்ப்பில் மட்டம் உயர்ந்தால் ஏ.டி.ஓ. நிற்க வேண்டும், ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்தினால் மேலிருந்து இன்னும் 29 லிட்டர் வந்து நிலைமை மோசமாகும். ரிட்டர்ன் அறையில் மட்டம் மிகக் குறைந்தால் ஏ.டி.ஓ.வும் பம்ப்பும் இரண்டும் நிற்க வேண்டும்.

நின்ற பம்ப் தானாக மறுபடி ஓடக் கூடாது. நீங்கள் வந்து பார்த்து, காரணத்தைச் சரிசெய்து, கையால் இயக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடைத்த வடிகாலோடு பம்ப் இரவெல்லாம் நின்று நின்று ஓடிக்கொண்டிருக்கும்.

தரையில் ஒரு நீர்க்கசிவு அலாரம் வைப்பது எளிது, பயனுள்ளது. சம்ப்புக்கு அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்று வைத்து, அலாரத்தைத் தட்டுக்குள் வையுங்கள். தண்ணீர் தட்டைத் தாண்டும் முன்பே சத்தம் வரும்.

மின்சாரம்

உப்புநீர் நன்றாக மின்சாரம் கடத்தும். பிளக் பலகை தரையிலோ சம்ப்புக்கு நேர் மேலேயோ இருக்கக் கூடாது. பக்கவாட்டுச் சுவரில், சம்ப் விளிம்பைவிட உயரத்தில் பொருத்துங்கள். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுந்துவிடும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம். இது பணம் மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. அந்தச் சுவிட்ச் விழுந்தால் எல்லாமே நிற்கும் என்பதால், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் அலைபம்ப் ஒன்றையாவது வேறொரு பாதுகாப்புச் சுவிட்சிலிருந்து எடுங்கள்.

சோதித்துப் பார்க்கும் முறை

காகிதக் கணக்கு சரியா என்பதை நீங்களே கோளாறு உண்டாக்கித்தான் அறிய முடியும். தொட்டியில் உயிர் எதுவும் விடுவதற்கு முன்பும், குழாயிலோ பம்ப்பிலோ எதையாவது மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

1. மொத்த மின்சாரத்தையும் நிறுத்துங்கள். சம்ப் மட்டம் உயர்ந்து நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். ஸ்கிம்மர் நின்றதால் வரும் நீரையும் சேர்த்து எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. சைஃபன் துளையை விரலால் அடைத்துக்கொண்டு அதையே மறுபடி செய்யுங்கள். செக் வால்வு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

3. மின்சாரத்தைத் திரும்பக் கொடுங்கள். சைஃபன் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகப் பிடிக்க வேண்டும். உங்கள் கை உதவி தேவைப்பட்டால் அமைப்பு சரியில்லை.

4. முதன்மை வடிகுழாயை அடைத்துவிட்டுப் பம்ப்பை ஓட்டுங்கள். மிச்சக் குழாய்கள் முழுத் தண்ணீரையும் இறக்க வேண்டும்.

5. எல்லாக் குழாய்களையும் அடையுங்கள். பம்ப் காற்றை உறிஞ்சும் வரை மேல்தொட்டியைப் பாருங்கள். உறிஞ்சியதும் உடனே நிறுத்துங்கள்.

6. ஏ.டி.ஓ. சென்சாரை நீருக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நேர வரம்பு வந்ததும் பம்ப் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது சோதனையைச் செய்யப் பலருக்கு மனம் வருவதில்லை. நீங்கள் பக்கத்தில் வாளியும் துண்டும் வைத்துக்கொண்டு நிற்கும்போது வழிந்தால் ஒரு குவளையோடு போகும். அதே தண்ணீர் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வழிந்தால் கடைசிச் சொட்டுவரை வழியும்.

மின்சாரம் திரும்பும்போது எல்லாமே ஒரே நொடியில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் ரிட்டர்ன் பம்ப், மட்டம் சமநிலைக்கு வந்து 10, 15 நிமிடம் கழித்து ஸ்கிம்மரும் ஏ.டி.ஓ.வும். சம்ப் நிறைந்திருக்கும்போது ஸ்கிம்மர் தொடங்கினால் நுரை கோப்பையைத் தாண்டிப் பொங்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு

அலைபம்ப்பின் வேகத்தைக் கூட்டும்போது விளிம்பைப் பாருங்கள். விட்டு விட்டு ஓடும் பம்ப்பின் தாளம் தொட்டியின் நீளத்தோடு பொருந்திவிட்டால், அலை ஒவ்வொரு முறையும் பெரிதாகி விளிம்பைத் தாண்டும்.

தொட்டியின் பின்புறம் வெள்ளையாக வளரும் உப்புப் படிவத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். படிவம் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி விளிம்பு தாண்டிக் கொண்டுவரும். மாதம் ஒருமுறை ஓவர்ஃப்ளோ பற்களையும் சைஃபன் துளையையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, மேலே சொன்ன முதல் சோதனையைச் செய்யுங்கள். அனிமோன் வளர்ப்பவர்கள் ஓவர்ஃப்ளோவின் முன் அகன்ற வலை ஒன்றைப் பொருத்துவது நல்லது. அனிமோன் நகரும் நாளை யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீர் மாற்றும் நாளுக்குத் தனி ஒழுங்கு வேண்டும். முதலில் ஏ.டி.ஓ., பிறகு ஹீட்டர், பிறகு ரிட்டர்ன் பம்ப் என்ற வரிசையில் நிறுத்துங்கள். ஏ.டி.ஓ.வை மறந்தால், நீங்கள் எடுக்கும் உப்புநீருக்கு ஈடாக அது நன்னீரை ஊற்றிக்கொண்டிருக்கும். ஹீட்டரை மறந்தால் அது வெளியே தெரிந்து சூடாகி, புது நீர் பட்டதும் வெடிக்கக்கூடும். எடுத்த அளவை வாளியால் எண்ணி, அதே அளவை ஊற்றுங்கள்.

வழிந்துவிட்டால்

ஈரத் தரையில் கால் வைக்கும் முன் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்துங்கள். பம்ப்பும் ஏ.டி.ஓ.வும் அதோடு நின்றுவிடும். ஆர்.ஓ. குழாயை மட்டும் கையால் மூட வேண்டும். பிறகு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மின்சாரம் நின்ற பிறகும் சம்ப் வழிந்துகொண்டிருந்தால் மேலே ரிட்டர்ன் குழாயின் வாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி, சைஃபனை அறுங்கள். கண்ணாடி ஒட்டில் கசிந்தால், நீர்மட்டத்தைக் கசிவுக்குக் கீழே வரும்வரை குழாய் போட்டு வாளிகளில் இறக்குங்கள். மீன்களுக்கு அந்த வாளி நீரே தேவைப்படும், கொட்டிவிடாதீர்கள்.

தரையை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு முறை நன்னீரால் துடையுங்கள். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்து மரத்தையும் உலோகத்தையும் நாள்கணக்கில் அரிக்கும். உப்புநீர் உள்ளே போன பிளக் பலகையை உலர்த்தி மறுபடி பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். தொட்டியை மறுபடி இயக்கும் முன் உப்புத்தன்மையை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் ஒரேயடியாக ஏற்றாமல், உப்பு கரைத்த நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வழிந்ததன் காரணம் தெரியும்வரை ரிட்டர்ன் பம்ப்பை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். மற்ற நேரத்தில் அலைபம்ப்பும் காற்றுக் கல்லும் மீன்களுக்குப் போதும்.